கிரகணக் கண்ணாடியா, ஊசித்துளையா?

2027 ஆகஸ்ட் 2 அன்று தமிழ்நாட்டில் பகுதி சூரிய கிரகணம் தெரியும். மொட்டைமாடியே போதும். எதைக் கொண்டு பார்ப்பது என்பதில்தான் குழப்பம்: கண்ணில் அணியும் கிரகணக் கண்ணாடியா, அட்டையில் போட்ட ஊசித்துளை வழியே சூரியனின் பிம்பத்தை விழச்செய்து பார்ப்பதா?

செலவு: கண்ணாடிக்குக் காசு வேண்டும். ஊசித்துளைக்கு ஓர் அட்டை, ஓர் ஊசி.

பாதுகாப்பு: கண்ணாடியில் ஐ.எஸ்.ஓ. 12312-2 தரக்குறியீடு வேண்டும். ஆனால் குறியீட்டைப் போலியாகவும் அச்சடிக்கலாம். நம்பகமான இடத்தில் வாங்குங்கள். கீறலோ கசங்கலோ இருந்தால் குப்பைக்கூடைதான். விழித்திரை எரியும்போது வலிக்காது என்பதால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி எல்லாம் வேண்டவே வேண்டாம். ஊசித்துளையில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறோம். துளை வழியே சூரியனைப் பார்க்காத வரை ஆபத்தில்லை.

காட்சி: கண்ணாடியில் சூரியனே பிறையாகத் தெரியும். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல்லில் தெரிந்த நெருப்பு வளையம் (வளைய கிரகணம்) போன்றவற்றுக்கு இதுவே சரி. ஊசித்துளைப் பிம்பமோ ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சிறு துளையிட்ட காகிதத்தால் மூடி, பத்து மீட்டர் தள்ளியுள்ள நிழலான சுவரில் ஒளியை விழச்செய்தால் உள்ளங்கை அகலப் பிறை கிடைக்கும். வேப்பமர நிழலில் இலை இடைவெளிகளே ஊசித்துளைகளாகி இலவசமாகவே நூறு பிறைகள் விழும், அது வேறு.

தனியாளுக்கும் வளைய கிரகணத்துக்கும் கண்ணாடி. குழந்தைகள் நிறைந்த வீட்டுக்குச் சுவர்ப் பிம்பம். யார் எப்போது கண்ணாடியைக் கழற்றுவார்கள் என்று காவல் காக்க வேண்டியதில்லை.