பழைய பீச் பக்கியின் ஃபைபர் பாடி: மறுபூச்சா, மாற்றமா?

கலிபோர்னியாவில் படகு கட்டும் தொழிலில் ஃபைபர்கிளாஸை (கண்ணாடியிழையை)க் கையாளப் பழகிய புரூஸ் மேயர்ஸ், 1964-இல் மேயர்ஸ் மேங்க்ஸ் என்னும் பீச் பக்கியை, அதாவது கடற்கரை மணலில் ஓட்டும் திறந்த சிறு வண்டியை, உருவாக்கினார். முதல் சில வண்டிகளுக்குப் பின் அதன் அமைப்பு எளிமையாயிற்று: வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் தரைச்சட்டத்தை வெட்டிக் குறுக்கி, அதன்மேல் வாங்கியவரே பொருத்திக்கொள்ளும் ஃபைபர் பாடி. காப்புரிமை வழக்கில் அவர் தோற்றுவிட்டதால், அந்த வடிவத்தைப் பின்பற்றிய நகல்கள் அசலைவிடப் பன்மடங்கு பெருகின. அரை நூற்றாண்டு வெயிலையும் உப்புக்காற்றையும் கண்ட அப்பாடிகளுக்குப் புதிய வண்ணம் பூசுவதா, வேறு பாடி வாங்கி ஏற்றுவதா என்பதை வண்டியின் மேற்புறத்தைப் பார்த்து முடிவுசெய்வோரே அதிகம். என் கருத்தில், அந்த முடிவைச் சொல்ல வேண்டியது பாடியின் அடிப்புறம்.

மேற்புறத்தில் தெரிவது ஜெல்கோட் எனப்படும் வண்ணப் படலம். அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அது வெளுத்துச் சுண்ணாம்புபோல் கையில் ஒட்டினால், பல வேளைகளில் நுண்ணிய உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போடுவதே போதும். பெயிண்ட் கடைக்கே போக வேண்டியதில்லை. நட்சத்திர வடிவில் பரவும் விரிசல்கள் வேறு வகை. அவை பெரும்பாலும் அடி விழுந்த இடத்திலோ, போல்ட் இறுக்கிய இடத்திலோ, பாடி வளைந்து கொடுக்கும் இடத்திலோ தோன்றுபவை. அவற்றின்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால், வளைவு நிற்காதவரை விரிசல் மீண்டும் மேலே வந்தே தீரும். விரிசலை அதன் அடிவரை தேய்த்துத் திறந்து, பின்புறத்தைக் கரடான உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, புதிய கண்ணாடியிழை விரிப்பை ரெசினில் (இழைகளைப் பிணைத்து இறுகும் பிசினில்) தோய்த்து ஒட்டி வலுவூட்டிய பிறகே மேற்பூச்சுக்கு வர வேண்டும். இறுகிப்போன பழைய ரெசினோடு புதியது வேதியியல் முறையில் அதிகம் இணைவதில்லை, அந்தச் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டே நிற்கிறது என்பதால், இந்தத் தேய்ப்பில் சோம்பல் பட்டால் முழு வேலையும் வீணாகும்.

மறுபூச்சின் செலவில் பெரும்பங்கு இந்த முன்வேலைக்கே போகிறது. இரும்புப் பாடிக்குப் பயன்படுத்தும் பெயிண்ட் நீக்கி, ஃபைபரின் ரெசினையும் சேர்த்து இளக்கிவிடக்கூடும். ஆகவே பழைய பூச்சைக் கையால் தேய்த்தே எடுப்பது நல்லது. இரு கூறுப் பெயிண்டுகளில் பூச்சை இறுகவைக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுப்பது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இன்றி அதை வீட்டுக் கொட்டகையில் தெளிக்கக் கூடாது. மினுக்கும் துகள் கலந்த ஜெல்கோட் கொண்ட பக்கிகளில் சிக்கல் கூடுதல்: அச்சுக்குள் தெளித்து வார்த்த அந்தத் துகளின் ஆழத்தை வெளியிலிருந்து தெளித்துக் கொண்டுவரப் பல அடுக்குத் தெளிவுப்பூச்சு வேண்டும், சிறு பழுதை மட்டும் ஒட்டுத் தெரியாமல் மறைப்பதும் அரிது.

புதிய பாடி என்றால் இத்தொல்லைகள் இல்லை என்று எண்ணுவதும் சரியன்று. விளக்கு, டேஷ்போர்டு, கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றுக்கான துளைகளைப் பெரும்பாலும் நாமே வெட்ட வேண்டும். ஓரங்களைச் சீவித் தரைச்சட்டத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். வேறொரு பாடியிலிருந்து அச்செடுத்த மலிவுப் பாடிகள் அந்த மூலத்தின் கோணல்களையும் சேர்த்தே சுமந்து வரும். அச்சிலிருந்து வந்த மெழுகைக் கரைப்பானால் துடைக்காமல் தேய்க்கத் தொடங்கினால், மெழுகு கீறல்களுக்குள் இறங்கிப் பிற்பாடு பெயிண்டைப் பற்றவிடாது. வார்த்த சூட்டோடு வந்த பாடியை முழுதாக இறுகும்வரை விட்டுவைப்பதும் அவசியம்; இல்லையேல் சில மாதங்களில் இழையின் நெசவு பெயிண்டின்மேல் நிழலாடும்.

இனி அடிப்புறத்துக்கு வருவோம். சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது கணீரென்ற ஒலி வந்தால் அடுக்கு உறுதியாக உள்ளது. மந்தமாகப் 'பொத்' என்றால் இழை அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. எஞ்சின் பக்கம் பல்லாண்டுகளாக எண்ணெய் ஊறிய பகுதியில் புதிய ரெசின் ஒட்டாது. தரைச்சட்டத்தில் பாடியை இறுக்கும் போல்ட் துளைகள் நீண்டு கிழிந்திருப்பதை ஒன்றிரண்டு இடங்களில் சரிசெய்யலாம். விளிம்பு நெடுகவும் அப்படியென்றால், பெயரில்லாத நகல் பக்கிக்குப் புதிய பாடியே சிக்கனம். அசல் மேங்க்ஸில் கணக்கு தலைகீழாகிறது. அடியில் உள்ள தரைச்சட்டமும் எஞ்சினும் எந்தப் பீட்டிலிலிருந்தும் வரலாம். அதை மேங்க்ஸ் ஆக்குவது அந்தப் பாடி ஒன்றுதான். அதைக் கழற்றி வீசியவரிடம் மிஞ்சுவது குறுக்கிய பீட்டில் சட்டம் மட்டுமே. ஆகவே அதில் அடுக்கு பிரிந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்துப் புதிய அடுக்குகளை வைத்துக் கட்டுவதே முறை, அதற்கான கூலி ஒரு நகல் பாடியின் விலையைத் தாண்டினாலும்.

எந்த வழியானாலும் பாடியைச் சட்டத்திலிருந்து தூக்கியே ஆக வேண்டும். தூக்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, இத்தனை காலம் அதற்கடியில் மறைந்திருந்த தரைத்தகட்டின் துருவை.