பழைய சுடும் விளையாட்டு: போனிலா, கணினியிலா?

1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வழியில் பிறந்த இருபரிமாணச் சுடும் விளையாட்டுகளுக்கு மறுபடி மவுசு. 2001இல் ஆர்கேடுக்கு (காசு போட்டு ஆடும் இயந்திரம்) வந்த இகாருகா என்ற சுடும் விளையாட்டே 2014இல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையிலும் 2018இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியிலும் கிடைத்தது. ஹட்டன் பக்கத்துத் தம்பிமார் கேட்பது, எதில் ஆடுவது என்றுதான்.

செலவு: போன் ஏற்கனவே கையில் இருக்கிறது. கணினி இருந்தாலும் கேம்பேட் (இரு கையிலும் பிடித்து ஆடும் பொத்தான் கருவி) தனியாக வாங்க வேண்டும்.

கை: பெரிய வித்தியாசம் இங்கேதான். போனில் நம் விரலே திரையை மறைக்கும். குண்டு மழைக்குள் நுழையும்போது அந்த மறைவிலேயே உயிர் போய்விடும். கேம்பேடில் பார்க்காமலே திசை பிடிபடும். இகாருகாவில் கப்பலைக் கறுப்பு, வெள்ளை என மாற்றி, அதே நிறக் குண்டை உறிஞ்ச வேண்டும். அதற்குப் பொத்தான் விரலடியில் இருந்தே ஆக வேண்டும்.

திரை: மேல்நோக்கிப் போகும் விளையாட்டுக்கு நிமிர்த்திய போன் கச்சிதம். கணினியில் இரு பக்கமும் வெறுமை.

மழைக்காலம்: கரண்ட் போனால் மேசைக் கணினி அணைந்துவிடும், போன் தாங்கும். சிக்னல் எட்டாத தோட்டம் என்றால், டவுனிலேயே இறக்கிவைத்து இணையமின்றி ஓடுவதைத் தேடுங்கள்.

பதுளை, கண்டி என்று பஸ்ஸில் அலைபவருக்குப் போன் போதும். ஒரு கட்டத்தையாவது உயிர் இழக்காமல் முடிக்க ஆசையா? சரி, கேம்பேடுக்குக் காசு சேருங்கள். நான் அந்தப் பக்கம்தான்.