இரண்டாம் பாகம் எதற்காக? எதிர்நீச்சலும் சுழலும்: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் மாலை நேரப் பேச்சு எதைப் பற்றித் தொடங்கினாலும், சற்று நேரத்தில் நாடகங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். தோட்டத்து லயன் வரிசை வீடுகளிலிருந்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் பெரியவர்கள் சன், விஜய் தொலைக்காட்சி நாடகங்களை விடாமல் பார்க்கிறார்கள். இளையவர்கள் கைப்பேசியில் இணையத் தொடர்களைப் பார்க்கிறார்கள். அண்மைக்காலமாக இரு தரப்பினரும் ஒரே விஷயத்தைத்தான் விவாதிக்கிறார்கள். முடிந்துபோன கதைக்கு இரண்டாம் பாகம் எடுக்கலாமா, எடுத்தால் எப்படி எடுப்பது என்பதே அது. முதல் பாகத்தில் நடந்த ஏதோ ஒன்றுக்கு இன்னும் பதில் சொல்லப்படாமல் இருந்தால் கதை தொடரலாம் என்பது என் கருத்து. அப்படி எதுவும் மிச்சமில்லாதபோது, பழகிய பெயரை மட்டும் நீட்டிச் செல்வது பார்வையாளரின் அன்பைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

சன் தொலைக்காட்சி நாடகமான எதிர்நீச்சல் 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் நிறைவடைந்தது. கோலங்கள் தொடரை இயக்கிய திருச்செல்வமே இதனையும் இயக்கினார். படித்த பெண்களை வீட்டு மருமகள்களாகக் கொண்டுவந்து, அவர்களை அடுப்படிக்குள் அடைத்துவைக்கும் ஆதி குணசேகரனையும், ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நால்வரும் கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கு எதிரே நிமிர்ந்து நிற்பதையும் கதை சொன்னது. விடியற்காலையில் பிரட்டு எனும் தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பால்மரமாகிய ரப்பர் மரம் சீவி, சொந்தமாகச் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த எங்கள் ஊர் மூத்த பெண்கள் இதனை மாமியார் மருமகள் சச்சரவாகப் பார்க்கவில்லை. உழைப்பதற்கு வெளியே போகலாம், ஆனால் வீட்டு விஷயத்தில் முடிவு சொல்லக்கூடாது என்ற நிலையை அவர்களில் பலர் அறிந்தவர்கள். ஆகவே குணசேகரனின் பேச்சு அவர்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருடைய பேச்சாகவே ஒலித்தது.

அந்தப் பேச்சுக்கு உயிர் கொடுத்தவர் மாரிமுத்து. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அதே தொடருக்கான குரல்பதிவின்போது நெஞ்சுவலி ஏற்பட்டு அவர் மறைந்தார். அவருக்குப் பிறகு வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அவர் தேர்ந்த நடிகர், எழுத்தாளரும்கூட. எனினும் கேலியும் மிரட்டலும் ஒரே மூச்சில் வந்த மாரிமுத்துவின் குணசேகரன் வேறு, வெறும் சினத்தால் ஆள முயலும் குணசேகரன் வேறு. எதிரியிடம் சுவாரசியம் குறைந்ததும், அந்த நான்கு பெண்களின் போராட்டமும் கனம் இழந்தது.

இந்த நிலையில்தான் 2024 டிசம்பர் 23 அன்று ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்ற பெயரில் இரண்டாம் பாகம் வந்தது. ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி நடிக்கிறார். முதல் பாகம் உண்மையிலேயே ஒரு பெரிய கேள்வியை மிச்சம் வைத்திருந்தது: எதிர்த்து நிற்கக் கற்ற பெண்கள் அதன்பின் எப்படி வாழ்வார்கள், எதைக்கொண்டு பிழைப்பார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்வார்கள்? இதற்குப் பதில் சொல்லியிருந்தால் முதல் பாகத்தை மிஞ்சும் கதை கிடைத்திருக்கும். ஆனால் பெண்கள் ஒரு படி ஏறியதும் ஏதேனும் சூழ்ச்சியால் மீண்டும் கீழே இறக்கப்படுவதே இங்கு திரும்பத் திரும்ப நடக்கிறது. முடிவு நாள் இன்னதென்று வகுக்காமல் அன்றாடம் ஒளிபரப்பாகும் நாடகத்தில், ஒரு சிக்கல் தீர்ந்தால் மறுநாளே இன்னொன்று தேவைப்படுகிறது; அதனால் வெற்றி எதுவும் வெற்றியாக நிலைப்பதில்லை.

விஜய் தொலைக்காட்சியின் பாண்டியன் ஸ்டோர்ஸ் வேறு வழியில் போனது. முதல் பாகத்தில் தம்பிகளுக்காகத் தன் வாழ்வை விட்டுக்கொடுத்த அண்ணன் மூர்த்தியாக நடித்த ஸ்டாலின் முத்து, 2023 அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் பாகத்தில் பிள்ளைகளைக் கண்டிப்புடன் நடத்தும் தந்தை பாண்டியனாக வருகிறார். நிரோஷா அவர் மனைவி கோமதி. குடும்பமும் புதிது, கதையும் புதிது. பெயரும் மளிகைக் கடையும் மட்டுமே பழையவை என்பதால், இதனை இரண்டாம் பாகம் என்று அழைக்கவே எனக்கு மனம் வரவில்லை. தனி நாடகமாகப் பார்ப்பவர்களுக்குக் குறையில்லை.

சுழலுக்கு வருவோம். புஷ்கர் காயத்ரி இணையர் எழுதி உருவாக்கிய இத்தொடரின் முதல் சீசன் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளிவந்தது. மலையடிவாரச் சிற்றூரான சாம்பலூரில் வேலைநிறுத்தம், தீப்பற்றி எரியும் சிமெண்டு ஆலை, காணாமற்போகும் சிறுமி, மயானக் கொள்ளைத் திருவிழா ஆகியவை ஒன்றோடொன்று பின்னிச் செல்கின்றன. பார்த்திபன் நடித்த தொழிற்சங்கத் தலைவர் சண்முகம், தோட்டத் தொழிற்சங்கக் கூட்டங்களைக் கண்டு வளர்ந்த எங்கள் ஊராருக்கு அந்நியமானவர் அல்லர். ஒரே முதலாளியை நம்பி ஓர் ஊர் முழுவதும் பிழைத்தால், ஆலை நின்ற மறுநாளே அண்டைவீட்டார்கூடப் பகைவராகிவிடுவர் என்பதை அத்தொடர் மிகச் சரியாகக் காட்டியது. தோட்டம் விற்கப்பட்டபோது இழப்பீட்டுக்காகச் சொந்தங்களே பிரிந்துபோனதைக் கண்டவர்கள் இங்கே உண்டு.

2025 பிப்ரவரி 28 அன்று வந்த இரண்டாவது சீசன் சாம்பலூரை விட்டுவிட்டது. முதல் சீசனின் இறுதியில் செய்த கொலைக்காகச் சண்முகத்தின் மகள் நந்தினி சிறையில் இருக்கிறாள். அவளுக்காக வாதாடும் வழக்கறிஞர் செல்லப்பா கொல்லப்படுகிறார். எட்டுப் பெண்களில் ஒவ்வொருவரும் கொன்றது தானே என்கிறார்கள். காவல் அதிகாரி சக்கரையாகக் கதிரும், நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷும் தொடர, லால் செல்லப்பாவாக வருகிறார். களம் காளிப்பட்டினத்து அஷ்டகாளித் திருவிழா. குற்றமிழைத்தவனைக் கொன்ற பெண்ணைச் சட்டம் என்ன செய்யும் என்ற கடனை முதல் சீசன் விட்டுச் சென்றிருந்தது. இரண்டாவது அதனை அடைக்க வருகிறது. துப்பறியும் பகுதி முதல் சீசன் அளவுக்கு இறுக்கமாக இல்லை, இடையில் சில அத்தியாயங்கள் நீள்கின்றன. எனினும் எட்டே அத்தியாயங்களில் தொடங்கி முடிவதால், நந்தினிக்கு நேர்வது எதுவும் மறுவாரம் அழிக்கப்படுவதில்லை. ஆகையால் எதிர்நீச்சலின் தொடர்ச்சியைவிடச் சுழலின் தொடர்ச்சியையே நான் மேலாக வைக்கிறேன்.

மருத்துவமனைக் கதையான ஹார்ட் பீட் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாரந்தோறும் வெளிவந்து 100 அத்தியாயங்களில் முதல் சீசனை முடித்த அத்தொடர், 2025 மே மாதம் இரண்டாவதைத் தொடங்கியது. நாடகம் பார்க்கும் தாயும் இணையத் தொடர் பார்க்கும் மகளும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பதற்கு இதுவே ஏற்றது.

அயலியைத் தொடரவே வேண்டாம் என்பேன். 2023இல் வந்த அத்தொடரில், பூப்பெய்தியதும் பெண்ணின் படிப்பை நிறுத்தும் வீரப்பண்ணை ஊரில், தமிழ்ச்செல்வி அதனை மறைத்துப் பள்ளிக்குச் செல்கிறாள். அக்கதை தன் கேள்விக்குத் தானே முழுமையாகப் பதில் சொல்லிவிட்டது.

அறிவிக்கப்பட்டவற்றில் நான் மிகவும் எதிர்பார்ப்பது வதந்தி என்ற துப்பறியும் இணையத் தொடரின் இரண்டாவது சீசனை. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கிய முதல் சீசன் 2022 டிசம்பரில் எஸ்.ஜே. சூர்யாவின் நடிப்பில் வந்தது. அடுத்ததில் சசிகுமார் முதன்மைப் பாத்திரம் ஏற்கிறார். முதல் சீசனில் விசாரிக்கப்பட்ட வெலோனி என்ற இளம்பெண்ணின் மரணத்துக்கு விடை கிடைத்துவிட்டதால், அதனை மறுபடி தோண்டாமல் புதிய வழக்கை எடுத்துக்கொள்வதே முறை. அதைப் பார்க்க முதல் சீசன் கட்டாயமில்லை. சுழலுக்கு அப்படியில்லை, சாம்பலூரின் எட்டு அத்தியாயங்களைப் பார்க்காமல் காளிப்பட்டினத்துக்குப் போனால், நந்தினி ஏன் சிறையில் அத்தனை அமைதியாக இருக்கிறாள் என்பது விளங்காது.