ஷார்ட் ஆனால் எத்தனை டிடெக்டர் போகும்? ஃபயர் அலாரம் லூப்பில் ஐசொலேட்டர் வைக்க மூன்று வழிகள்

பேனல் என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து கிளம்பி டிடெக்டர்களை வரிசையாகத் தொட்டு ஓடும் லூப் ஒயரைப் பேனலுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. ஒயர் அறுந்தால் பேனல் இரண்டு முனையிலிருந்தும் ஊட்டி எல்லா டிடெக்டரையும் காப்பாற்றிவிடும். ப்ளஸ்ஸும் மைனஸும் ஒட்டிக்கொண்டால் கதை வேறு: பழுதான துண்டைப் பிரித்துவிடும் ஐசொலேட்டர் இல்லாத லூப்பில் வோல்டேஜ் அடியோடு விழும், மொத்த லூப்பும் செத்துவிடும். வேளச்சேரி போன்ற தாழ்வான பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு பேஸ்மென்ட் ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கினால் வருவது இந்த ஷார்ட்தான்.

ஐசொலேட்டர் தன் எதிரே வோல்டேஜ் விழுந்ததும் லைனைத் துண்டித்துவிடும். ஷார்ட்டுக்கு இருபுறமும் உள்ளவை திறந்துகொள்ள, நடுத்துண்டு மட்டும் போகும். ஆகவே எத்தனை வாங்குகிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

பேஸ்மென்ட், தரைத்தளம், மேலே 7 மாடி, ஒரே லூப்பில் 120 டிடெக்டர், 600 மீட்டர் கேபிள் என்று வைத்துக்கொள்வோம்.

மாடிக்கு ஒன்று: 9 மாட்யூல் (தனிப் பெட்டியாக வரும் ஐசொலேட்டர்). செலவு குறைவு. ஆனால் ஷாஃப்டில் ஏறும் கேபிளில் ஷார்ட் வந்தாலும் ஒரு மாடி முழுக்கப் போய்விடும். அந்த மாடியில் ஒரு பழுதும் இருக்காது.

மாடிக்கு இரண்டு, நுழையும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று: 18 மாட்யூல். ஷாஃப்டில் ஷார்ட் ஆனால் இரண்டு ஐசொலேட்டருக்கு நடுவே வெறும் கேபிள்தான் இருக்கிறது, ஒரு டிடெக்டரும் போகாது. கூடுதலாக வாங்கும் அந்த 9 மாட்யூலுக்கு இதைவிட நல்ல பலன் வேறு இல்லை.

ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஐசொலேட்டர்: அமெரிக்க ஃபயர் அலாரம் விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 72 சொல்லும் கிளாஸ் எக்ஸ் இந்த வகை. பாதுகாப்பில் இதற்கு மிஞ்சியது இல்லை. சிக்கல் ரெசிஸ்டன்ஸில். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி கி.மீ.க்கு 12.1 ஓம், போக, வர 600 மீட்டருக்கு 14.5 ஓம். ஐசொலேட்டருக்கு 0.2 ஓம் என்று கையேடு சொன்னால், 18க்கு 3.6 ஓம்தான் கூடும். 120க்கு 24 ஓம். மொத்தம் 38.5 ஓம். பேனல் டெர்மினலிலேயே ஒரு முனை கழன்று, சுமை எல்லாம் கடைசியில் என்று மோசமான நிலையைக் கணக்கிட்டால், 0.3 ஆம்பியருக்கு 11.5 வோல்ட் விழும். 24 வோல்ட்டில் மிஞ்சுவது 12.5; லூப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சவுண்டர் (அலாரம் ஒலிப்பான்) கூவாது. 2.5 சதுர மி.மீ. கேபிள் போட்டாலும் 5.6 ஓம்தான் குறையும், ஐசொலேட்டரின் 24 ஓம் அப்படியே நிற்கும். லூப்பை இரண்டாகப் பிரிப்பதே வழி.

எங்கள் தேர்வு: மாடிக்கு இரண்டு, கூடவே ஈரம் இறங்கும் பேஸ்மென்ட்டிலும் மொட்டை மாடி லிஃப்ட் அறையிலும் மட்டும் ஐசொலேட்டர் பேஸ் (டிடெக்டரை மாட்டும் அடித்தட்டு, ஐசொலேட்டர் அதற்குள்ளேயே இருக்கும்).

இரண்டு ஐசொலேட்டருக்கு நடுவே கையேடு சொல்லும் எண்ணிக்கையை (பொதுவாக 20, 25) மீற வேண்டாம். மின்சாரம் திரும்பும்போது அத்தனை டிடெக்டரின் கெப்பாசிட்டரும் ஒரே நேரத்தில் இழுக்கும்; ஐசொலேட்டர் அதை ஷார்ட் என்று எண்ணி லைனைத் திரும்ப இணைக்காமலே நின்றுவிடும். பழுதே இல்லாத கேபிளைத் தேடி ஒரு நாள் போகும்.

போகும் கேபிளையும் திரும்பும் கேபிளையும் ஒரே பைப்பில் தள்ளாதீர்கள். ஒரு டிரில் பிட் இரண்டையும் கொன்றுவிடும். நடுவில் டி-ஜாயின்ட் போட்டால் அந்தக் கிளையின் தலையில் தனி ஐசொலேட்டர் வேண்டும். கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரை, பேனலையும் டிடெக்டரையும் மட்டுமல்ல, ஐசொலேட்டர் பேஸையும் கழற்றிய பிறகே வையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் அந்தப் பேஸுக்குள்தான் இருக்கிறது.

ஒப்படைக்கும் நாளில் மாடிக்கு மாடி ஒரு பேஸில் சின்ன ஒயர் துண்டால் இரண்டு டெர்மினலையும் ஷார்ட் செய்து, பேனலில் காணாமல் போகும் அட்ரஸ்களை (ஒவ்வொரு டிடெக்டருக்கும் உள்ள தனி எண்) வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்து மாடி அட்ரஸ் ஒன்று கூடச் சேர்ந்து போனால், அங்கே ஐசொலேட்டர் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக, பேனலிலிருந்து கிளம்பும் முதல் கேபிளையும் திரும்பி வரும் கடைசிக் கேபிளையும் இதேபோல் ஷார்ட் செய்து பாருங்கள். அதில் லூப் முழுக்கப் போனால் பேனலுக்குள் ஐசொலேட்டர் இல்லை என்று பொருள். இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று பேனலை ஒட்டியே வாங்கிப் போட்டுவிடுங்கள்.