ரவுண்ட் நெக் டி-ஷர்ட் பேட்டர்ன்: கழுத்துப் பட்டியைத் தவிர மற்றதெல்லாம் சரி

ஆன்லைனில் காசு கட்டி இறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, ஒட்டி, வெட்டித் தைக்கும் அரைக்கை டி-ஷர்ட் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித அளவு வடிவம்) பற்றியது இது. விற்பவர் பெயர் இங்கே தேவையில்லை, இதே அமைப்பில் பலரும் விற்கிறார்கள். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி என்று நான்கே துண்டுகள். தையலுக்கான 1 செ.மீ. உள்ளேயே சேர்ந்திருக்கிறது, கழுத்தில் மட்டும் 6 மி.மீ. நாற்பது மார்பளவுக்கு முடிந்த சட்டையின் சுற்றளவு 43 அங்குலம். நம் ஊர் வெயிலுக்கு அந்த மூன்று அங்குலத் தளர்வு சரியான அளவுதான்.

தோள் சரிவும் கைக்குழி வளைவும் நன்றாக வரைந்திருக்கிறார்கள். கையின் மேல் வளைவு தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பதால் சுருக்கம் வைக்காமலே கை பொருந்துகிறது. தைக்கப் பழகாதவருக்கு இது ஒன்றே போதுமான காரணம். பழைய பனியனைப் பிரித்து வைத்து வரைந்தால் இந்த வளைவு வராது, ஏனென்றால் துவைத்துத் துவைத்து அது ஏற்கெனவே கோணிப் போயிருக்கும். கழுத்துப் பட்டித் துண்டு மட்டும் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கிடைக்கிற துணிக்கு ஒத்துவரவில்லை. அதற்கு வருவதற்கு முன் அச்சு, துணி இரண்டையும் பார்த்துவிடலாம்.

அச்சடிக்கும்போது கடைக்காரரிடம் '100 சதவீதம்' என்று சொல்லியே கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்துக்குள் அடங்கும்படி கம்ப்யூட்டரே சுருக்கிவிடும். முதல் தாளில் 5 செ.மீ. சோதனைக் கட்டம் இருக்கிறது. அந்த ஒரு தாளை மட்டும் முதலில் எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கட்டம் 4.8 என்று காட்டினால் எல்லாமே 96 சதவீதமாகிவிட்டது என்று பொருள்: 43 அங்குலச் சுற்றளவு 41.3-க்கு இறங்கும், தளர்வு பாதிக்கு மேல் காணாமல் போகும். அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்த ஃபைலை ஏ4-இல் அடக்கினாலும் இதே கதைதான், அதன் அகலம் ஏ4-ஐ விட 6 மி.மீ. அதிகம். ஒட்டுகிற வேலை பிடிக்காதவர்கள், வீட்டு பிளான் அச்சடிக்கும் பிளாட்டர் கடையில் ஏ-ஜீரோ பக்கத்தைக் கொடுக்கலாம். பதினாறு ஏ4 தாளின் பரப்பு ஒரே தாளில் வந்துவிடும்.

துணி விஷயத்தில் பேட்டர்ன் கேட்பது 25 முதல் 30 சதவீத இழுவை. குறுக்குவாட்டில் 10 செ.மீ. பிடித்து இழுத்தால் 13 வரை சிரமமின்றி வர வேண்டும், விட்டதும் பத்துக்கே திரும்ப வேண்டும். இழுவையை விட இந்தத் திரும்பலைத்தான் கவனிக்க வேண்டும். லைக்ரா (ரப்பர் போல இழுபட்டுத் திரும்பும் இழை) கலக்காத மெல்லிய சிங்கிள் ஜெர்சி (சாதாரண பனியன் துணி) 13-க்குப் போய் 11-இல் நின்றுவிடும். அதில் தைத்தால் வயிற்றுப் பக்கம் தொங்கும்.

திருப்பூரிலிருந்து ஈரோடு, சேலம் வழியாக வருகிற பனியன் துணியைக் கிலோ கணக்கில் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), 60 அங்குல அகலத் துணி ஒரு கிலோ என்றால் சுமார் 3.65 மீட்டர். துவைத்தால் சுருங்குவதையும் சேர்த்து நாற்பது சைஸ் அரைக்கைக்கு 1.25 மீட்டர், அதாவது 340 கிராம் பிடிக்கும். ஒரு கிலோவில் இரண்டு சட்டை தாராளமாக வரும், மூன்றாவதற்குக் கை வெட்டுவதில் இழுபறிதான். ஜிஎஸ்எம் எவ்வளவு என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. 20-க்கு 20 செ.மீ. துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசு மாதிரி நுட்பமான தராசில் வைத்தால் 180 ஜிஎஸ்எம் துணி 7.2 கிராம் காட்டும். 5.5 காட்டினால் அது 140-க்கும் கீழே, உள்பனியனுக்குத்தான் ஆகும்.

குழாய் வடிவத் துணியாக இருந்தால் இரண்டு பக்க மடிப்புக் கோடும் சாயத்தோடு பதிந்திருக்கும், எத்தனை துவைத்தாலும் போகாது. முன்பக்கத்தின் நடுவை அந்தக் கோட்டில் வைக்காதீர்கள். மடிப்பைப் பிரித்துவிட்டு வேறு இடத்தில் மடித்து வெட்டுங்கள். எது நல்ல பக்கம் என்று குழம்பினால், குறுக்காக வெட்டிய ஓரத்தை இழுத்துப் பார்த்தால் போதும். சிங்கிள் ஜெர்சி நல்ல பக்கத்தை நோக்கிச் சுருளும்.

வெட்டும் முன் துவைப்பது கட்டாயம். பேட்டர்னில் இதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள், அது போதாது. துணியில் 50-க்கு 50 செ.மீ. கட்டம் போட்டுத் துவைத்துக் காய வைத்து அளந்தால் நீளவாக்கில் 47-க்கு வருவது சாதாரணம். அது 6 சதவீதம். துவைக்காமல் தைத்த 28 அங்குலச் சட்டை முதல் சலவையில் 26-ஐ ஒட்டி நிற்கும். அதே கட்டத்தின் செங்குத்துக் கோடு சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் சைடு தையல் முன்பக்கம் திரும்பி வரும். இதற்குப் பேட்டர்னில் மருந்து கிடையாது, துணியை மாற்ற வேண்டும், இன்டர்லாக் (இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பின்னல் துணி) இந்த வம்பு செய்யாது. இன்னொன்று: போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் அலசிக் காய வைத்த துணி விறைப்பாக இருக்கும், இழுவையும் குறைவாகக் காட்டும். ஒகேனக்கல் தண்ணீர் வரும்போது கடைசி அலசலை அதில் போட்டுவிட்டு அளப்பது நல்லது.

இனி கழுத்துப் பட்டி. பேட்டர்னில் தையல் கோட்டில் கழுத்துச் சுற்று 54 செ.மீ., பட்டி 48.6 செ.மீ., அதாவது 90 சதவீதம். இது லைக்ரா கலந்த அதே உடல் துணியில் பட்டி வெட்டுபவருக்கான கணக்கு. இங்கே பெரும்பாலும் கிடைப்பது பருத்தி ஜெர்சியும், தனியாக வாங்கும் ஒன்றுக்கு ஒன்று ரிப்பும்தான். ரிப் என்பது மேடும் பள்ளமுமாக நீளக் கோடுகள் உள்ள, நன்றாக இழுபடும் பின்னல் துணி. அதை 90 சதவீதத்தில் வெட்டினால் பட்டி கழுத்தோடு ஒட்டாமல் எழுந்து நிற்கும், குனிந்தால் உள்ளே தெரியும். ரிப்புக்கு 82 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள்: 54-க்கு 44.3, இணைப்புத் தையலுக்கு 1.2 சேர்த்து 45.5 செ.மீ. வெட்டு. அகலம் பேட்டர்னில் உள்ள 5 செ.மீ. சரிதான், மடித்துத் தைத்தபின் வெளியே 1.9 செ.மீ. தெரியும்.

ரிப் கிடைக்கவில்லை, உடல் துணியிலேயே பட்டி வேண்டும் என்றால் 90-ஐ மாற்றாதீர்கள். காரணம் தலை. பெரியவர் தலைச் சுற்று சுமார் 58 செ.மீ. 44.3 செ.மீ. பட்டி 58-க்கு விரிய 31 சதவீத இழுவை வேண்டும். ரிப்புக்கு அது ஒரு வேலையே இல்லை, பருத்தி ஜெர்சிக்கு அதுவே எல்லை, நூல் அறுந்துவிடும். 48.6 என்றால் 19 சதவீதம் போதும். துணியைக் கையில் பிடிக்காமல் பட்டிக்கு ஒரே நீளம் அச்சடித்துக் கொடுப்பதுதான் இந்தப் பேட்டர்னின் குறை. இரண்டு வரியில் ஒரு அட்டவணை போட்டிருந்தாலே தீர்ந்திருக்கும்.

கழுத்து வடிவத்தை மாற்றி வெட்டுகிறவர்கள் அளவைத் தையல் கோட்டில் எடுக்க வேண்டும். வெட்டு ஓரத்தில் அளந்தால் 3 செ.மீ.க்கு மேல் குறைவாக வரும், பட்டியும் அதற்கேற்பக் குட்டையாகிக் கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும். பட்டியையும் கழுத்தையும் நான்கு பாகமாகக் குறித்துக் குண்டூசி போட்டு, பட்டியை மட்டும் இழுத்துத் தையுங்கள், சட்டைக் கழுத்து இழுபடவே கூடாது. தோள் தையல் கழுத்தின் கால் பாகக் குறியில் வராது, சற்று பின்னால் விழும். அதைக் குறியாக எடுத்துக்கொண்டால் பட்டியின் இழுவை முன்னே பின்னே மாறிக் கழுத்து கோணும்.

தைக்கும் வரிசை பேட்டர்னில் உள்ளபடியே: தோள், பட்டி, விரித்த நிலையில் கை, பிறகு கை நுனியிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாக சைடு, கடைசியில் ஓரம். தோளில் டேப் வைக்கச் சொல்லவில்லை, வையுங்கள். மொபிலான் டேப் (ஒளி ஊடுருவும் மெல்லிய எலாஸ்டிக் நாடா) இல்லாவிட்டால் மெல்லிய நாடா போதும். அது இல்லாத தோள் சில மாதத்தில் கைப்பக்கம் இறங்கும்.

ஊசி பால்பாயின்ட் 75/11. சாதாரணக் கூர் ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை போடும். முதல் சலவைக்குப் பிறகுதான் அது வரிசையாகத் தெரியவரும். லைக்ரா அதிகமுள்ள துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஸ்ட்ரெச் ஊசிக்கு மாறுங்கள். நூல் பாலியஸ்டர்தான், பருத்தி நூல் இழுத்தால் பட்டென்று விடும். ஜிக்ஜாக் மிஷினில் அகலம் 1, நீளம் 2.5 வைத்துத் துண்டுத் துணியில் 10 செ.மீ. தைத்து, 13-க்கு இழுத்துப் பாருங்கள். நூல் அறாமல் இருந்தால் சட்டையில் கை வைக்கலாம். தையல் அலை அலையாக விரிந்தால் ஃபுட் அழுத்தத்தைக் குறைத்து, துணியைக் கையால் தள்ளாமல் இழுக்காமல் விட வேண்டும்.

கறுப்புப் பெடல் மிஷின் மட்டும் உள்ளவர்கள் சேர்ப்புத் தையல்களை டெய்லர் கடையில் ஓவர்லாக் அடித்து வாங்கலாம். ஆனால் அந்த மிஷின் பெரும்பாலும் பிளவுஸ், சுடிதார் ஓரத்துக்காக அமைத்தது. சிறிய மூன்று நூல் மிஷினில் டிஃபரென்ஷியல் ஃபீட் (துணி விரியாதபடி முன்பல், பின்பல் வேகத்தை மாற்றும் வசதி) இருக்காது, பனியன் துணியை விரித்துத் தள்ளும். முதலில் ஒரு துண்டைக் கொடுத்துப் பாருங்கள். தையலை இரண்டு பக்கமும் பிரித்து இழுக்கும்போது ஏணிப்படி மாதிரி நூல் தெரிந்தால் ஊசி நூலின் டென்ஷனை இறுக்கச் சொல்லுங்கள். பிளவுஸில் அது வெறும் ஓரம், இங்கே சட்டையைச் சேர்த்துப் பிடிப்பதே அந்தத் தையல்தான்.

கீழ் ஓரத்துக்கு 4 மி.மீ. இரட்டை ஊசி சொல்லியிருக்கிறார்கள். ஜிக்ஜாக் மிஷினுக்குப் பொருந்தும். நேர்தையல் மிஷினின் தகட்டில் வட்டத் துளைதான் இருக்கும், இரட்டை ஊசி இறங்கும்போதே உடையும். இரண்டு வரிசைக்கும் நடுவே துணி மேடாக எழுந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்துங்கள். அப்போதும் இழுத்தால் அடி நூல் அறுகிறது என்றால் பாபின் திருகைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். திருப்பூர் பேட்லாக் (ஃபிளாட்லாக்) மிஷின் போடும் ஓரம் இதில் வராது, ஆனால் வெளியே பார்க்க அதேதான்.

பேட்டர்னில் 34 முதல் 48 வரை சைஸ் உண்டு, குழந்தை அளவு இல்லை. பெரிய சைஸைச் சுருக்கி அச்சடித்துக் குழந்தைக்கு வெட்டப் பார்க்காதீர்கள். குழந்தையின் தலை மார்போடு ஒப்பிட்டால் பெரியது, சுருக்கிய கழுத்தில் நுழையாது.