நனைக்காமல் வெட்டும் பார்லர்

என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் அப்பா கென்யாக்காரர், நான் பெரம்பூர். அவளுக்கு முன்பக்கம் என்னைப் போலத் தளர்ந்த சுருட்டை. பிடரியில் அப்பாவைப் போல, பென்சிலில் சுற்றி எடுத்த மாதிரி நெருக்கமான சுருள். ஒரே தலையில் இரண்டு முடி என்பது வெட்டுகிறவருக்குப் புரிய வேண்டுமே!

போன வருஷம் ஒரு பெரிய ஏசி பார்லருக்குப் போனோம். உட்காரும் முன்பே, "ஸ்மூத்தனிங் பண்ணிடலாமா மேடம்?" என்றார்கள். மருந்து போட்டுச் சுருளை நீவிவிடும் வேலை, எட்டு வயதுப் பிள்ளைக்கு. நுனி மட்டும் போதும் என்றேன். தலையை நனைத்து, இழுத்துச் சீவி, தோளளவில் நேர்கோடாக வெட்டினார்கள். ஈரத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆட்டோ அயனாவரம் தாண்டுவதற்குள் காய்ந்து, முடி காதுக்கு ஏறிவிட்டது. ரெட்டை ஜடை, ரிப்பன் என்று கறாராக இருக்கும் பள்ளிக்கூடம். மிஸ்ஸுக்கு லெட்டர் எழுதிக் கொடுத்து, இரண்டு மாதம் ஹேர்பேண்டில் ஓட்டினோம்.

இப்போது போகும் இடம் பெரம்பூரிலேயே ஒரு வீட்டு மாடி. பெயரைப் போட வேண்டாம் என்று அந்த அக்காவே கேட்டுக்கொண்டார். இருக்கிற கூட்டமே போதுமாம். துபாயில் எட்டு வருஷம் சலூன் வேலை. அங்கே வந்த எத்தியோப்பிய, கென்யப் பெண்களுக்கு வெட்டித்தான் கை பழகியதாம்.

"பாப்பா, முடியத் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்காமலே கை வைப்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவள். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

பிடரியில் ஒரு சுருளைப் பிடித்து நீட்டினார். தோளுக்குக் கீழே நாலு விரல் வந்தது. விட்டார், சுருண்டு காது மடலில் போய் நின்றது. முன்பக்கச் சுருளையும் அப்படியே இழுத்து விட்டார். அது தாடையோடு நின்றுவிட்டது. "நனைச்சு அளந்தா கணக்கு தப்பிடும்மா" என்றார். பின்னால் நீளம் விட்டு, முன்னால் கொஞ்சம் குறைத்து, காய்ந்த முடியிலேயே ஒவ்வொரு சுருளாக, அது வளைகிற இடம் பார்த்து வெட்டினார். அடர்த்தி குறைக்கும் பல் கத்திரி மேஜையில்தான் கிடந்தது. அந்தப் பக்கமே கை போகவில்லை. அதைப் போட்டால் உள்ளே குட்டை முடி நீட்டிக்கொண்டு பஞ்சாகிவிடும் என்றார்.

அப்புறம்தான் தண்ணீர். கண்டிஷனரைக் குழைத்துத் தடவி, முதலில் விரலால், பிறகு அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே மேலே சிக்கெடுத்தார். நான் இத்தனை வருஷமாக உச்சியிலிருந்து இழுத்து அவளை அழவைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு என்றதும், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் மெட்ரோ தண்ணீர் எடுத்துவைக்கச் சொன்னார். சுருள் முடியில் தலையின் எண்ணெய்ப் பசை நுனி வரை இறங்காது. அதனால் சீயக்காயும் வேண்டாமாம், இன்னும் வறளும். இதில் என் அம்மாவுக்கு அவர் மேல் தீராத கோபம்.

குறைகளும் உண்டு. ஏசி கிடையாது, இருக்கிற டேபிள் ஃபேனையும் வெட்டும்போது நிறுத்திவிடுவார். படி செங்குத்து. பதினொன்றுக்கு வரச் சொன்னால் பன்னிரண்டுக்குத்தான் உட்கார முடியும். முகூர்த்த நாளில் போகவே போகாதீர்கள், கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடக் கிளம்பிவிடுவார். வெட்டி முடிக்க ஒரு மணி ஐம்பது நிமிடம், 700 ரூபாய். எங்கள் தெருக் கடையோடு பார்த்தால் அதிகம்தான்.

பத்து நாள் கழித்து இடப்பக்கம் ஒரு சுருள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. கூட்டிப்போய்க் காட்டினேன். வாசலில் நிற்கவைத்தே வெட்டிவிட்டார், காசு வாங்கவில்லை. ரெட்டை ஜடைக்கு இன்னும் முடி எட்டவில்லை. தீபாவளிக்குள் எட்டிவிடும் என்கிறார்.