செமி ஹொலோ கிற்றாரின் ரெயில்பீஸை மாற்றுதல்: ஸ்ரொப் பாரா, ட்ரபீஸா, பிக்ஸ்பியா?

வன்னியில் செமி ஹொலோ கிற்றார் (நடுவில் மரக்கட்டையும் அதன் இரு பக்கமும் வெறுமையும் உள்ள மின் கிற்றார்) வைத்திருப்போர் பலரிடம் அது வெளிநாட்டு உறவினர் வழியாகவோ, கொழும்பில் பழையதாக வாங்கப்பட்டோ வந்து சேர்ந்திருக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தின் உப்புக்காற்றும் வாசிப்பவரின் கை வியர்வையும் முதலில் தாக்குவது அதன் உலோகப் பாகங்களைத்தான். மேற்பூச்சு உரிந்து வெள்ளைத் தூள் படிந்த ரெயில்பீஸை, அதாவது தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பாகத்தை, மாற்ற நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: மேற்பலகையில் இரு திருகாணிகளில் நிற்கும் ஸ்ரொப் பார், அடிவிளிம்பில் மாட்டப்படும் ட்ரபீஸ், சுரத்தை அலையவைக்கும் கைப்பிடியுள்ள பிக்ஸ்பி. மூன்றும் நல்ல கிற்றார்களில் பயன்பட்டவையே என்பதால், ஒலியை மட்டும் வைத்து ஒன்றைத் தெரிவுசெய்வது போதாது. மேற்பலகையில் தவறாக விழுந்த ஒரு துளையைச் சீர்செய்யக்கூடிய கிற்றார் வல்லுநர் பக்கத்தில் இல்லாத இடத்தில், செய்த மாற்றத்தைப் பின்னர் நீக்கி முன்னைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

ஆறு தந்திகளும் சுருதி கூட்டப்பட்ட நிலையில் சேர்ந்து இழுக்கும் விசை 40 கிலோ எடையைத் தாண்டும். ஸ்ரொப் பார் இந்த இழுவையை இரண்டு தடித்த திருகாணிகள் வழியாக உடலின் நடுவே ஓடும் மரக்கட்டைக்குக் கொடுக்கிறது. ட்ரபீஸ் அதனைக் கிற்றாரின் அடிப்பக்க விளிம்புக்குக் கொண்டுபோகிறது. ஆகவே பாகம் எதையும் வாங்குவதற்கு முன்னர், கைபேசியின் வெளிச்சத்தை எஃப் வடிவத் துளைக்குள் பாய்ச்சி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே நடுக்கட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். எபிஃபோன் கசினோ போன்ற கிற்றார்கள் வெளித்தோற்றத்தில் செமி ஹொலோவைப் போலவே இருந்தாலும் உள்ளே முழு வெறுமையானவை. அவற்றில் ஸ்ரொப் பார் பொருத்தினால் தந்திகளின் இழுவை மெல்லிய மேற்பலகையையே மேலே கிளப்பிவிடும்.

கிப்சன் ஈஎஸ் 335 கிற்றார் 1958இல் வெளிவந்தபோது ஸ்ரொப் பாருடனேயே வந்தது. கட்டையோடு இறுகிய இணைப்பு என்பதால் சுரம் நீண்டு ஒலிக்கிறது, விரலுக்கடியில் தந்தி சற்று விறைப்பாக இருக்கிறது. இந்த வகை ஏற்கெனவே பொருத்தப்பட்ட கிற்றாரில் அதையே புதிதாக மாற்றுவதுதான் மிகச் சுலபமான வேலை; துளையிடத் தேவையில்லை. ஆனால் இங்குதான் ஒரு பொறி இருக்கிறது. ஆசியத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட கிற்றார்களில் இத்திருகாணி வழமையாக 8 மில்லிமீற்றர் விட்டமும் 1.25 மில்லிமீற்றர் மரை இடைவெளியும் கொண்டது. அமெரிக்கக் கிப்சனுக்குரியதோ 5/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் உடையது. விட்டத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். தவறான திருகாணி முதல் ஓரிரு சுற்று இலகுவாக இறங்கிப் பின்னர் இறுகிவிடும். அங்கே பலத்தைப் பிரயோகித்தால் மரத்துக்குள் பதிந்த உலோகக் குழலின் மரை அழியும், அல்லது குழலே மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். பழைய திருகாணிகளை அப்படியே விட்டுவிட்டு மேலேயுள்ள பாரை மட்டும் மாற்றுவது பல வேளைகளில் போதுமானது.

மலிவான பார்கள் நாகக் கலப்புலோக வார்ப்புகள். 1950களின் கிப்சன் பார்கள் அலுமினியம். ஒரே அளவில் வார்த்தால் நாகக் கலப்புலோகம் இரண்டு மடங்குக்கும் மேல் எடையுள்ளது. அலுமினியம் பொருத்தினால் ஒலி சற்றுத் திறந்து தெளிவாகிறது என்பது என் காதுக்குப் பட்டது. ஆயினும் புதிய தந்தி மாட்டுவதால் ஏற்படும் மாற்றத்தைவிட அது சிறியதே. உயரத்தைச் சரிசெய்யும்போது தந்தி பிரிட்ஜின் பின்விளிம்பில் உராயாத அளவுக்குப் பாரை உயர்த்தி வைக்க வேண்டும்.

1964இன் இறுதியிலிருந்து கிப்சன் தன் 335க்கு ட்ரபீஸைப் பொருத்தத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில்தான் ஸ்ரொப் பார் மீண்டும் வழமையானது. இடைப்பட்ட காலக் கிற்றார்கள் பலவற்றில் பின்னாளில் துளையிட்டு ஸ்ரொப் பார் பொருத்தப்பட்டதையும், அதனால் அவற்றின் விலை குறைந்ததையும் பழைய கிற்றார்ச் சந்தையை அறிந்தோர் அறிவர். ட்ரபீஸைக் குறையாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தாளத்துக்குக் கோர்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வாசிப்பவருக்கு அதன் தளர்ந்த, மரத்தன்மை கூடிய ஒலி பொருத்தமாகவே இருக்கிறது, மேற்பலகையும் காயப்படுவதில்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் நீளும் தந்திப் பகுதி தானாக அதிர்ந்து ஒலிப்பதுதான் தொந்தரவு. கம்பளித் துணிக் கீற்று ஒன்றைத் தந்திகளுக்கு இடையில் பின்னிவிட்டால் அது அடங்கும். எல்லாத் தந்திகளையும் ஒரே வேளையில் கழற்றினால் ட்ரபீஸ் மேற்பலகையில் விழுந்து கீறும். அடியில் ஒரு துவாயை மடித்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

பிக்ஸ்பியின் கவர்ச்சி வேறு. கலிபோர்னியாவில் போல் பிக்ஸ்பி உருவாக்கிய இந்த அலுமினியக் கருவி, ஒரு ஸ்பிறிங்கின் மேல் அமர்ந்த கைப்பிடியால் சுரத்தை மெல்ல அலையவைக்கிறது. பி7 என்ற வகை மேற்பலகையிலும் திருகப்பட வேண்டியது என்பதால் நடுக்கட்டை உள்ள கிற்றாருக்கே உரியது. பி3 அடிவிளிம்பில் மட்டும் பொருந்துவதால் மெல்லிய முழு வெறுமைக் கிற்றாருக்கும் ஏற்கும். வைப்றமேற் என்ற இணைப்புத் தகட்டைக் கொண்டு, ஸ்ரொப் பாரின் துளைகளிலேயே பி7ஐத் துளையிடாமல் பொருத்தவும் வழியுண்டு. எனினும் தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து செல்லும் சிறு கட்டையான நட்டின் காடிகளில் உராய்வு இருந்தால் கைப்பிடியை விட்ட பின்னர் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாது. காடிகளில் பென்சில் கரி தடவுவதும், உருளை வைத்த பிரிட்ஜுக்கு மாறுவதும் இதைப் பெருமளவு குறைக்கும். தந்தி மாற்றுவது இதிலுள்ள பெரிய சிரமம்: தந்தியின் வளையத்தைச் சிறு ஆணியில் கொளுவி, அது நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடியே மறுகையால் முறுக்க வேண்டும். ஞாயிறு பூசையின் நடுவே தந்தி அறுந்தால், கையில் ஒரே கிற்றார் உள்ளவருக்கு இது பெரும் இடைஞ்சல். அத்தகையவருக்கு நான் பிக்ஸ்பியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விடயத்தில் பலர் கவனம் வைப்பதில்லை. தந்திகளை எர்த்தோடு இணைக்கும் மெல்லிய வயர், ஸ்ரொப் பார் கிற்றாரில் திருகாணிக் குழலோடு தொடுப்புண்டிருக்கும். ட்ரபீஸிலும் பிக்ஸ்பியிலும் அடிப்பக்கத் தகட்டின் கீழே வெளிவரும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது இந்த வயரையும் இடம்மாற்றாவிட்டால் இரைச்சல் கிளம்பும். திருவிழா மேடையில் ஜெனரேற்றர் ஓடும்போது அது வாசிக்க முடியாத அளவுக்குப் போகலாம். மல்ரிமீற்றரின் ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையைக் கேபிள் செருகும் ஜக்கின் வெளிவளையத்திலும் வைத்து இணைப்பைச் சரிபார்க்கலாம். தந்தி எர்த்தோடு இணைந்திருப்பதால் அம்பிளிஃபயரின் எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். இரைச்சலைக் குறைப்பதற்காகப் பிளக்கின் எர்த் ஊசியை வெட்டுவது, 230 வோல்ற் மின்சாரத்துக்கும் மைக்கைத் தொடும் உதட்டுக்கும் இடையிலுள்ள காவலை அகற்றுவதாகும். அதை எவரும் செய்யக்கூடாது.

ஸ்ரொப் பார் உள்ளவர் அதையே, முடிந்தால் அலுமினியத்தில், புதுப்பிக்கட்டும். ட்ரபீஸ் உள்ளவர் துளையிடாமல் இன்னொரு ட்ரபீஸுக்கு மாறட்டும். பிக்ஸ்பியை விரும்புபவர் இணைப்புத் தகட்டு வழியை முதலில் பார்க்கட்டும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லிவிடுபவர், இரண்டு திருகாணிகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை (கிப்சன் வகையில் இது ஏறத்தாழ 82 மில்லிமீற்றர்) அளந்து, பழைய திருகாணி ஒன்றைக் கழற்றி அளவுகோலுக்கு அருகில் வைத்துப் படமெடுத்து அனுப்பினால், மரை மாறிய பாகம் வந்து சேராது.